திரிகைக் கவி பகிணாபாய்

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே இலக்கியம் படைக்க வல்லவர்கள் என்று நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பள்ளியும் கல்லூரியும் நமக்கு ஊட்டிய எண்ணம் அது. ஏடும் எழுத்தாணியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பாட்டு இருந்தது. தொட்டிலை ஆட்டிய தாய் பாடினாள். நாற்று நட்ட உழத்தி பாடினாள். உலக்கை பிடித்த மங்கை பாடினாள். அவர்கள் பாடியவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. எங்கோ ஒரு பாட்டு யாரோ ஒருவர் செவியில் தங்கி, அவர் கையால் ஏட்டில் ஏறி, நம் காலம் வரை வந்து சேர்கிறது. அவ்வாறு வந்து சேர்ந்த பாடல்களுக்கு உரிய ஒரு மராட்டியப் பெண்ணின் வரலாற்றை இங்கே காண்போம்.

மராட்டிய நாட்டில் தங்கிக் கல்வி பயிலும் நமக்கு ஞானேசுவரரும் துக்காராமும் ஓரளவு அறிமுகமானவர்கள். ஆளந்தியும் தேகுவும் புனேயை அடுத்த ஊர்கள். ஆண்டுதோறும் பண்டரிபுரம் செல்லும் அவர்களுடைய பல்லக்குகள் நம் நகரத்து வீதிகளைக் கடந்து போவதைக் கண்டிருக்கிறோம். பகிணாபாய் என்றதும், துக்காராமைக் குருவாகக் கொண்டு அபங்கங்கள் பாடிய பகிணாபாயைச் சிலர் நினைக்கக்கூடும். அந்த அம்மையார் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அடியவர். நாம் பேச வந்த பகிணாபாய் சௌதரி 1880இல் பிறந்து 1951இல் மறைந்தவர். உழவர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதியாதவர். இன்று மராத்தி பேசும் எந்த வீட்டிலும் இவர் பெயரைச் சொன்னால் ஒரு பாட்டாவது எதிரொலியாக எழும்.

பிறந்த மண்

மும்பையிலிருந்து வடக்கும் கிழக்கும் செல்லும் பெரிய இரயில் பாதையில் புசாவளுக்குச் சற்று முன்னே ஜல்காவ் என்ற நகரம் இருக்கிறது. அசந்தாக் குகை ஓவியங்களைக் காணச் செல்வோர் பலர் இறங்கும் நிலையம் அது. அதைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் கான்தேசம் என்பர். தாபி ஆறு பாயும் கரிசல் நாடு. பருத்தியும் சோளமும் கம்பும் அந்த மண்ணின் பழைய செல்வங்கள். இக்காலத்தில் வாழையும் பெயர் பெற்றிருக்கிறது. கோடையில் வெயில் கடுமையாகக் காயும். மழை பொய்த்தால் துன்பம். பெய்தால் களையெடுக்கக் கை போதாது.

ஜல்காவை அடுத்த ஆசோதே என்னும் சிற்றூரில் மகாஜன் குடும்பத்தில் 1880 ஆகஸ்டு 24ஆம் நாள் பகிணாபாய் பிறந்தார். தந்தையார் உகாஜி, தாயார் பீமாயி. உடன்பிறந்தோர் பலர். அக்காலத்தில் அவ்வூர்ப் பெண் குழந்தைகள் எந்தக் கல்வியைப் பெற்றார்களோ அதையே இவரும் பெற்றார். மாட்டுக்குத் தீனி வைப்பதும், சாணம் தட்டுவதும், தம்பி தங்கையரை இடுப்பில் சுமப்பதும், விடியுமுன் எழுந்து தாயோடு திரிகைக்கு எதிரே அமர்வதும் அந்தக் கல்வியின் பாடங்கள். அந்தத் திரிகைக்கு எதிரேதான் அவர் பாட்டையும் கற்றிருக்க வேண்டும்.

1893இல், பதின்மூன்றாம் வயதில், ஜல்காவ் நாதுஜி சௌதரிக்கு அவரை மணம் செய்து கொடுத்தார்கள். பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்கு வந்த சிறுமி அங்கே ஒரு பெரிய குடும்பத்தின் வேலைகளைத் தோளில் ஏற்றுக்கொண்டார். ஓங்கார், சோபான் என்னும் ஆண் மக்கள் இருவரும், காசி என்னும் பெண்ணும் பிறந்தனர். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் அந்த மாகாணம் முழுவதையும் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. புனே மக்களும் அந்நோயையும், அதை அடக்க வந்த அதிகாரிகளின் கொடுமையையும் அனுபவித்ததை வரலாற்று நூல்களில் படித்திருக்கிறோம். அந்நோய் சௌதரி வீட்டிலும் புகுந்தது. ஓங்கார் உயிர் பிழைத்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் நீங்காத உடற்குறை அவரைப் பற்றிக்கொண்டது. 1910இல் கணவர் நாதுஜி காலமானார். அப்போது பகிணாபாய்க்கு வயது முப்பது.

முப்பது வயதில் கைம்பெண், மூன்று குழந்தைகள், ஒருவர் நோயால் நலிந்தவர். அந்நாளில் இந்நிலை என்ன பொருளுடையது என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். எதிர்காலம் என்ன ஆகும் என்று கேட்கப் பலர் சோதிடரைத் தேடிப்போவர். பகிணாபாயோ சோதிடனைத் திருப்பியனுப்பும் ஒரு பாட்டையே பாடியிருக்கிறார். தம் விதியைப் பிறர் வாயால் கேட்க அவர் விரும்பவில்லை. அழுகையும் உறுதியும் ஒன்றாய்க் கலந்த பாட்டு அது. கணவரை இழந்த துயரத்தை அவர் மறைக்கவுமில்லை, அதிலே மூழ்கிப்போகவுமில்லை. மறுநாள் காலையில் வயலுக்குப் போனார். அங்கேயும் பாடினார்.

திரிகையும் பாட்டும்

மராட்டியத்தில் பெண்கள் திரிகையில் மாவரைக்கும்போது பாடும் பாட்டுக்கு ஓவி என்று பெயர். ஞானேசுவரர் 1290இல் கீதைக்கு உரையாகப் பாடிய ஞானேசுவரியும் ஓவி என்னும் யாப்பில் அமைந்ததே. பண்டிதர் போற்றும் ஓவியும் அடுப்படி ஓவியும் ஒரு தாய் மக்கள் எனலாம். நாமதேவர் வீட்டில் பணிப்பெண்ணாயிருந்த ஜனாபாய் மாவரைத்துக்கொண்டே பாடினார் என்றும், விட்டலனே வந்து உடனிருந்து திரிகையைச் சுற்றினான் என்றும் அடியார் கதைகள் சொல்லும்.

திரிகை என்பது கீழே ஒரு வட்டக் கல், மேலே ஒரு வட்டக் கல். மேற்கல்லின் நடுவே தானியம் இடும் குழி, ஓரத்தில் மரக்கைப்பிடி. ஒருத்தி தனியாகவும் சுற்றலாம். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே பிடியைப் பற்றியும் சுற்றலாம். கோழி கூவுவதற்கு முன் வேலை தொடங்கினால்தான் பொழுது விடிவதற்குள் அன்றைய ரொட்டிக்கு மாவு சேரும். ஆண்கள் உறங்கும் வேளை. மாமியார் காதுக்கும் எட்டாத ஓசை. கல்லின் உறுமலுக்குள் ஒளிந்துகொண்டு பெண்ணின் மனம் பேசும். ஒருத்தி ஓர் அடியைப் பாட மற்றவள் அதைத் தொடர்வாள். பிறந்த வீட்டு நினைவும், அண்ணன் மேல் உள்ள அன்பும், மகனைப் பற்றிய பெருமையும், பண்டரிபுரத்து விட்டலனும் அப்பாட்டுகளின் பொருள்கள்.

இம்மரபிலே வந்தவர் பகிணாபாய். ஆயினும், முன்னோர் பாடியதைத் திரும்பப் பாடியதோடு அவர் நிற்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் புதிய பாட்டாக்கினார். விதைப்பு, அறுவடை, பிணையடிப்பு, காற்றுக்குக் காத்திருந்து கூலம் தூற்றுதல் என்று உழவுத் தொழிலின் ஒவ்வொரு நிலைக்கும் அவரிடம் பாட்டு உண்டு. கிணற்றிலிருந்து காளைகளைப் பூட்டித் தோற்சாலால் நீர் இறைப்பதை நம் ஊரில் கமலை என்போம். அதற்கும் ஒரு பாட்டு. கான்தேசப் பெண்கள் பிறந்த வீடு வந்து ஊஞ்சலாடி மகிழும் அட்சய திருதியை விழாவுக்கு ஒரு பாட்டு. மாடுகளைக் குளிப்பாட்டி அலங்கரிக்கும் போளாத் திருநாளுக்கு ஒரு பாட்டு. திரிகைக்கே ஒரு பாட்டு. ஜல்காவில் இருந்த அச்சுக்கூடம் ஒன்றைக் கண்டு வியந்து, அச்சேறும் காகிதத்தையும் அறிவு ஏறாத மனிதனையும் எண்ணிப் பாடிய பாட்டும் உண்டு. எழுத்தறியாத ஒருவர் அச்சு இயந்திரத்தைப் பாடினார். பிற்காலத்தில் அவர் பாட்டே அச்சேறியது.

தூக்கணாங்குருவியின் கூட்டைப் பற்றி அவர் பாடிய பாட்டு மிகவும் புகழ் பெற்றது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றும் இந்தக் குருவிக்கூட்டையே எடுத்துக்கொண்டு, எல்லாம் வல்லோம் என்று தருக்கும் மனிதனின் செருக்கை அடக்குகிறது. பகிணாபாயும் அந்தச் சிறு பறவையின் கைத்திறனைக் காட்டி மனிதனைத் தன்னை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். மொழி வேறு, காலம் வேறு; ஆயினும் வயலோரத்து மரத்தை அண்ணாந்து பார்த்த இரு பெண்களின் உள்ளத்திலும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

மனத்தைப் பற்றிப் பாடும்போது அவர் வேதாந்தச் சொற்களைத் தேடிப் போவதில்லை. பயிரை மேயும் மாட்டைத் துரத்தியவருக்கு மனத்தின் அலைச்சலைச் சொல்ல வேறு உவமை தேவையில்லை. இல்லறத்தைப் பற்றிப் பாடும்போது அடுப்பும் தோசைக்கல் போன்ற ரொட்டிக் கல்லுமே அவருக்குப் போதும். அவரது பாடல்களில் பலவற்றை எண்ணிப் பார்த்தால் அடிக்கு எட்டு எழுத்து என்ற கணக்கில் அமைந்திருப்பதைக் காணலாம். விரல்விட்டு எண்ணி அமைத்த கணக்கன்று அது. சுற்றும் கல்லுக்கும், களைக்கொட்டின் வீச்சுக்கும் இசைந்து பழகிய காது போட்ட கணக்கு.

மகன் கைக் குறிப்பேடு

இத்தனை பாட்டும் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? பகிணாபாயின் இளைய மகன் சோபான் பள்ளிக்குப் போனார், படித்தார், மராத்தியில் கவிதை எழுதும் கவிஞராகவே வளர்ந்தார். சோபான்தேவ் சௌதரி என்று இலக்கிய உலகம் அவரை அறியும். பள்ளியில் படித்த சாவித்திரி சத்தியவான் கதையை மகன் வீட்டில் படிக்கக் கேட்ட தாய், அதைத் தம் போக்கில் பாட்டாக்கிப் பாடினார் என்றும், அதைக் கேட்டு வியந்த மகன் அன்று முதல் தாயின் பாட்டைக் குறித்து வைக்கத் தொடங்கினார் என்றும் சொல்வதுண்டு. சோபான்தேவும், அவருடைய உறவினர் பீதாம்பர் சௌதரியும் கேட்டவற்றுள் சிலவற்றை எழுதி வைத்தார்கள்.

எழுதி வைத்தது சில. எழுதாமல் போனது பல. பகிணாபாய் பாட்டுப் பாடுவதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி உட்கார்ந்தவர் அல்லர். கையில் வேலை இருக்கும்போது வாயில் பாட்டு வந்தது. வேலை முடிந்ததும் பாட்டும் முடிந்தது. மகன் வீட்டில் இருந்த வேளையில் பாடியது தப்பியது. அவர் வெளியூரில் இருந்த நாள்களில் பாடியது கல்லோடும் களத்தோடும் போயிற்று.

1951 டிசம்பர் 3ஆம் நாள் ஜல்காவில் பகிணாபாய் இயற்கை எய்தினார். ஊருக்கும் உறவுக்கும் வெளியே அவர் ஒரு கவி என்பதை அறிந்தவர் அன்று மிகச் சிலரே. அதன்பின் சோபான்தேவ் அந்தக் குறிப்பேட்டை எழுத்தாளர் பிரகலாத் கேசவ் ஆத்ரேயிடம் காட்டினார். ஆச்சாரிய ஆத்ரே புனே மாவட்டத்துச் சாஸ்வாட் ஊரினர். நாடக ஆசிரியர், பத்திரிகையாளர், நகைச்சுவைப் பேச்சாளர். சானே குருஜி தம் தாயைப் பற்றி எழுதிய நூலை அவர் ‘சியாம்சி ஆயி’ என்னும் படமாக்கினார். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்ற படம் அது. தாயின் பாட்டை வெளியே காட்டத் தயங்கி நின்ற மகனிடம், இத்தகைய பொன்னை ஒளித்து வைப்பது பெருங்குற்றம் என்ற கருத்துப்பட ஆத்ரே பேசினார். 1952இல் அவருடைய முன்னுரையோடு பகிணாபாயின் பாடல்கள் நூலாக வெளிவந்தன.

மெல்லிய நூல்தான். ஆயினும் மராத்தி இலக்கிய உலகம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது. மேல்நாட்டுக் கவிஞரைப் படித்தவர்களும், வடமொழி யாப்பில் வல்லவர்களும் தேடித் தேடி அடையாத எளிமை அங்கே இயல்பாக அமைந்திருந்தது. மகன் எழுதிய கவிதைகளும் நல்லவையே. ஆனால் இன்று அவரைப் பகிணாபாயின் மகன் என்றே பலரும் நினைவு கூர்கின்றனர். இதை அவர் குறையாகக் கருதியிருக்கமாட்டார் என்றே நம்பலாம். தம் பாட்டை எழுதிய கையினாலேயே தம்மினும் பெரிய கவி ஒருவரை உலகுக்கு அளித்தவர் அவர்.

திருத்தாத எழுத்து

சோபான்தேவ் செய்த தொண்டுகளுள் ஒன்றை நாம் தனியே போற்ற வேண்டும். தாயின் மொழியை அவர் திருத்தவில்லை.

மராத்தியில் பாடநூலுக்கும் பத்திரிகைக்கும் உரிய பொதுநடை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் புனேப் பகுதியின் பேச்சைத் தழுவியது. பகிணாபாய் பேசியது கான்தேசத்து இலேவா மக்களின் பேச்சு. பொதுநடையில் ளகரம் வரும் இடத்தில் அங்கே யகரம் வரும். ஆதலால் போளா என்னும் திருநாள் அவர் வாயில் போயா ஆகிறது. ணகரம் அங்கே னகரமாக மெலிகிறது. நம் நாட்டிலும் சில பகுதிகளில் ழகரம் யகரமாகி, பழம் பயமாக ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம். ஊர்ப்பேச்சோடு நகரத்துக் கல்லூரிக்கு வந்த மாணவன் முதல் மாதத்திலேயே தன் நாவைத் திருத்திக்கொள்ளப் பாடுபடுவதையும் அறிவோம்.

சோபான்தேவ் பொதுநடை கற்ற கவிஞர். தாயின் சொற்களைச் சீர்படுத்தி, இலக்கண நடையில் எழுதியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அப்போது பாடல்களுக்குப் பொருள் இருந்திருக்கும், உயிர் இருந்திராது. எங்களைப் போன்ற அறிவியல் மாணவர்க்கு ஆய்வுக்கூடத்தில் முதலில் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: கருவி காட்டிய அளவு நாம் எதிர்பார்த்ததோடு பொருந்தாவிட்டாலும், கண்ட அளவையே குறிப்பேட்டில் எழுத வேண்டும். திருத்திய அளவைக் கொண்டு புதிய உண்மை எதையும் காண முடியாது. சோபான்தேவ் கேட்டதைக் கேட்டபடியே எழுதினார். அந்த நேர்மையினால் ஒரு கவி பிழைத்ததோடு, ஒரு நிலப்பகுதியின் பேச்சும் இலக்கியத் தகுதி பெற்றது.

மராட்டிய மாநிலத்துப் பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் பாலபாரதி நிறுவனம் 1967இல் நம் புனேயில் தொடங்கப் பெற்றது. அதன் நூல்களில் பகிணாபாயின் பாடல்கள் இடம்பெற்று வந்திருக்கின்றன. கொங்கணத்துக் குழந்தையும் விதர்ப்பத்துக் குழந்தையும் கான்தேசப் பேச்சை வாய்விட்டுப் பாடி மனப்பாடம் செய்கின்றன. எழுத்தறியாத ஒரு பெண்ணின் வழக்குச் சொல்லை, பொதுமொழியின் தலைநகரமே அச்சிட்டு வழங்குகிறது!

தட்டில் ஏறிய பாட்டு

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார்; பகிணாபாய் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பு. 1902இல் கல்கத்தாவில் கௌகர் ஜானின் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. அப்போது பகிணாபாய்க்கு வயது இருபத்திரண்டு. அதன்பின் ஐம்பது ஆண்டுக்காலம் நாடெங்கும் இசைத்தட்டு வணிகம் ஓங்கி வளர்ந்தது. நாடக மேடையில் பாடியவர்களும் அரசவையில் பாடியவர்களும் இசைத்தட்டில் ஏறினார்கள். விடியற்காலையில் மாவரைத்துக்கொண்டு பாடிய பெண்ணின் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் வண்டியும் வரவில்லை. பகிணாபாயின் சொற்கள் நமக்குக் கிடைத்தன. அவர் குரல் கிடைக்கவில்லை. எந்த மெட்டில் எழுப்பினார், எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லில் குரல் தழுதழுத்தது என்பவை கல்லின் ஓசையோடு அடங்கிவிட்டன.

அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1961இல், அனந்த் மானே இயக்கிய ‘மானினி’ என்னும் மராத்தித் திரைப்படத்தில் அவருடைய பாடல்கள் சில வசந்த் பவாரின் இசையில் ஒலித்தன. படமும் வானொலியும் அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. பிற்காலத்தில் உத்தரா கேள்கர் முதலிய பாடகியர் அப்பாடல்களைப் பாடிப் பரப்பினர். நூலைப் படிக்காதவரும் பாட்டை அறிந்தனர். திரைப்பட மெட்டில் புல்லாங்குழலும் வயலினும் இருக்கலாம். திரிகையின் உறுமல் இல்லை. அதற்காக அவற்றைக் குறை கூறுவது முறையாகாது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடமிருந்து புறப்பட்ட பாட்டு, அத்தகைய பெண்களிடமே மீண்டும் சென்று சேர்ந்தது இசைத்தட்டினால்தான். அச்சுநூலால் அது இயன்றிராது.

2018இல், ஜல்காவில் உள்ள வட மராட்டியப் பல்கலைக்கழகத்துக்குக் கவி பகிணாபாய் சௌதரியின் பெயரைச் சூட்டினார்கள். பள்ளி காணாத ஒருவரின் பெயர் தாங்கிய பட்டத்தை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பெற்று வருகின்றனர்.

பெயரில்லாப் பகிணாபாய்கள்

பகிணாபாய்க்குக் கிடைத்த பேறு எல்லார்க்கும் கிடைத்ததா? படித்த மகன் ஒருவன் வீட்டில் இருந்தான்; அவன் கவிதையின் அருமை அறிந்தவனாக இருந்தான்; தாயின் பேச்சைக் கண்டு நாணாதவனாகவும் இருந்தான். இம்மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைவது அரிது. இவை அமையாத வீடுகளில் பாடிய பெண்கள் எத்தனை ஆயிரம்!

இக்கேள்வியை எழுப்பி, விடை தேடி மலையேறியவர்கள் இருவர் நம் புனேயில் வாழ்ந்தனர். ஒருவர் ஹேமா ராய்ர்கர். மற்றவர் பிரான்சு நாட்டிலிருந்து வந்து புனேயில் தங்கிவிட்ட கீ புவாத்வேன். முள்சி, மாவள் வட்டங்களின் மலைச் சிற்றூர்களில் ஏழை மக்களிடையே தொண்டு செய்துவந்த இவர்கள், அங்குள்ள பெண்களிடம் திரிகைப் பாட்டு ஊற்றாய்ப் பெருகுவதைக் கண்டார்கள். 1980களின் பிற்பகுதி முதல் அவற்றைச் சேர்க்கலாயினர். பின்னர் மாவட்டம் மாவட்டமாக வேலை விரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓவிகள் எழுத்தில் ஏறின. 1990களில் இசையும் கணினியும் அறிந்த பெர்னார்டு பெல் உடன் சேர்ந்தார், ஒலிப்பதிவும் நடந்தது. புவாத்வேன் 2004இலும் ராய்ர்கர் 2010இலும் மறைந்தனர். ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகம் இத்தொகுப்பை ஏற்றுப் பாடலும் ஒலியும் மொழிபெயர்ப்புமாக வெளியிட்டு வருகிறது. பாடியவர் பெயரும் ஊரும் அங்கே பாட்டோடு சேர்ந்தே நிற்கின்றன.

இவர்கள் போனது நல்ல வேளையில். மின்சார மாவு மில் சிற்றூர்களிலும் வந்துவிட்டது. பெண்களின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. அது வரவேற்க வேண்டிய மாற்றமே. விடியுமுன் இரண்டு மணி நேரம் கல் சுற்றும் வாழ்வு மீண்டும் வர வேண்டும் என்று விரும்புவோர், ஒருநாள் அந்தக் கல்லைச் சுற்றிப் பார்ப்பது நலம். ஆனால் கல் நின்றபோது பாட்டும் நின்றது. உழைப்பின் சுமை போகட்டும். அதனூடே பிறந்த கவி ஏன் போக வேண்டும்?

நம் பாட்டிமார்

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. உலக்கை குற்றும்போது பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரமே போற்றிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் நம் ஊர்களில் நிறைந்திருந்தன. பெர்சி மாக்குயின் என்னும் ஆங்கில அதிகாரி சேர்த்து வைத்த நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம் ‘மலையருவி’ என்ற பெயரில் வெளியிட்டது. 1964இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. கொல்லங்குடி கருப்பாயி போன்ற, எழுத்தறியாப் பாடகியரின் குரலை வானொலி நாடறியச் செய்தது. 1985இல் ‘ஆண் பாவம்’ திரைப்படமும் அவரைக் காட்டியது. இவை நம் பேறுகள். ஆனாலும் பழைய தொகுப்புகளைப் புரட்டினால் பாட்டு இருக்கும். பாடியவள் பெயர் பெரும்பாலும் இராது. நாட்டுப்பாடல் என்றால் அது யாரும் இயற்றாமல் தானே முளைத்தது என்று ஓர் எண்ணம் நம்மிடம் உண்டு. பகிணாபாயின் வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னே ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு துயரம் இருந்தது. அத்துயரத்தைச் சொல்லத் தகுந்த சொல்லைத் தேடி எடுத்த அறிவும் இருந்தது.

நண்பர்களே, விடுமுறை வருகிறது. நம்மில் பலர் தஞ்சைக்கும் நெல்லைக்கும் கோவைக்கும் இரயிலேறப் போகிறோம். புனேயிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர்களின் வீடுகளிலும், ஊரிலிருந்து வந்த பாட்டிமார் மூலையில் அமர்ந்திருக்கிறார்கள். பகிணாபாயின் காலத்தில் ஒலிப்பதிவு அரிய பொருள். இன்று அது நம் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. பாட்டியிடம் சென்று அமர்ந்து ஒரு பாட்டுக் கேட்போம். முதலில் தமக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். பிறகு ஓர் அடி வரும். அதன்பின் தானே பெருகும். எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கற்றது, தாமே கட்டியது எது என்று கேட்டு, அவர்கள் இசைந்தால் பெயரோடும் ஊரோடும் குறித்துக்கொள்வோம். பயம் என்று அவர்கள் சொன்னால் பழம் என்று திருத்தாமல் எழுதுவோம்.

சோபான்தேவ் செய்தது இவ்வளவே. ஒரு பென்சிலும் ஒரு குறிப்பேடும் கொண்டு அவர் தம் தாயைக் காத்தார். அவர் வீட்டில் இல்லாத நாள்களில் பகிணாபாய் பாடிய பாட்டை இனி எவராலும் கேட்க முடியாது. நம் வீட்டுப் பாட்டு இன்னும் அந்நிலையை அடையவில்லை. அடையுமுன் நாம் போய்ச் சேர வேண்டும்.